பிசிஓஎஸ் (வழக்கத்துல நீர்க்கட்டி) இருந்தா குழந்தைக்காக என்ன டெஸ்ட், என்ன ட்ரீட்மென்ட், எது முதல்ல

"ரெண்டு ஓவரியும் பல்க்கி, பாலிசிஸ்டிக்"னு ஸ்கேன் ரிப்போர்ட்ல ஒரே ஒரு வரி இருந்தா போதும், இனிமே குழந்தையே தங்காதோன்னு வீடே பதறிப் போயிடுது. கல்யாணம் ஆகி ஆறு மாசத்துலயே "விசேஷம் ஏதும் இல்லையா"ன்னு கேக்க ஆரம்பிச்சிருப்பாங்க, இந்த ரிப்போர்ட்டும் வந்துட்டா ஒருத்தர் கழற்சிக்காய் சொல்வாங்க, இன்னொருத்தர் நேரா ஐவிஎஃப் (டெஸ்ட் ட்யூப் பேபி) சென்டருக்குப் போங்கம்பாங்க, நடுவுல ஏஎம்ஹெச், எல்ஹெச், இன்சுலின்னு டெஸ்ட் பில் மட்டும் ஏறிக்கிட்டே போகும். இந்தக் குழப்பத்துக்குக் காரணம், எந்த டெஸ்ட் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுதுன்னு யாரும் உக்காந்து சொல்லாததுதான். அதை அடியில இருந்து பாப்போம்.

உள்ள என்ன நடக்குது

ஒவ்வொரு மாசமும் ஓவரில (சினைப்பையில) பல ஃபாலிக்கிள் ஒரே நேரத்துல வளர ஆரம்பிக்கும். ஃபாலிக்கிள்னா முட்டை இருக்குற குட்டிப் பை. அதுல ஒண்ணு மட்டும் முந்திக்கிட்டு 18, 20 மி.மீ வரைக்கும் வளந்து வெடிச்சு முட்டையை வெளிய விடும், அதுதான் ஓவுலேஷன். பிசிஓஎஸ்ல மூளையில இருந்து வர்ற எல்ஹெச் ஹார்மோன் தூக்கலா இருக்கும், நிறைய பேருக்கு இன்சுலினும் ஜாஸ்தி இருக்கும், இது ரெண்டும் சேந்து ஓவரியை ஆண் ஹார்மோன் கூடுதலா சுரக்க வைக்கும், அந்தச் சூழல்ல ஃபாலிக்கிள் எல்லாம் 2ல இருந்து 9 மி.மீக்குள்ளயே வளராம நின்னுடும். ஸ்கேன்ல முத்து கோத்த மாதிரி ஓரமா தெரியுறது இந்த நின்னு போன ஃபாலிக்கிள்தான். வழக்கத்துல நீர்க்கட்டின்னு சொன்னாலும் இது ஆபரேஷன் பண்ணி எடுக்க வேண்டிய கட்டி கிடையாது, மாத்திரை போட்டுக் கரைக்க வேண்டியதும் கிடையாது.

முட்டை வெளிய வரலன்னா அதுக்கப்புறம் வர வேண்டிய ப்ரொஜெஸ்டரான் ஹார்மோன் சுரக்காது, அது சுரக்கலன்னா பீரியட்ஸ் ஒழுங்கா வராது. பீரியட்ஸ் தள்ளிப் போறதும் குழந்தை தள்ளிப் போறதும் ஒரே காரணத்தோட ரெண்டு முகம்னு இதுல இருந்தே புரியும். முட்டை தீந்து போச்சுங்கற பிரச்சனை இங்க இல்ல, இருக்குற முட்டை வெளிய வரல, அவ்வளவுதான். குழந்தையின்மைக்கான காரணங்கள்ல மருந்துக்கு நல்லா கேக்குற காரணம் இது.

பிசிஓஎஸ் தானான்னு முதல்ல உறுதி பண்ணணும்

1935ல ஸ்டெயின், லெவந்தால்னு சிகாகோ டாக்டர்கள் ரெண்டு பேரு ஏழு பெண்களைப் பத்தி எழுதினப்போதான் இது மருத்துவப் புத்தகத்துக்குள்ள வந்துச்சு. இப்போ எல்லாரும் பின்பத்துறது 2003ல ராட்டர்டாம்ல முடிவு பண்ணின வரையறை. மூணுல ரெண்டு இருக்கணும்:

1. பீரியட்ஸ் ஒழுங்கில்லாம இருக்கணும். 35 நாளைத் தாண்டிப் போறது, 21 நாளுக்குள்ள வர்றது, வருஷத்துக்கு எட்டு தடவைக்கும் கம்மியா வர்றது எல்லாம் இதுல சேரும்.
2. ஆண் ஹார்மோன் ஜாஸ்தின்னு ரத்த டெஸ்ட்ல தெரியணும், இல்ல தாடை, உதட்டு மேல கெட்டியா முடி வளர்றதுல தெரியணும்.
3. ஸ்கேன்ல ஓவரி அப்படித் தெரியணும். ஒரு ஓவரில 20ஓ அதுக்கு மேலயோ ஃபாலிக்கிள், இல்ல ஓவரி அளவு 10 எம்எல்லோ அதுக்கு மேலயோ. 2023ல வந்த சர்வதேச வழிகாட்டுதல், பெரியவங்களுக்கு ஸ்கேனுக்குப் பதிலா ஏஎம்ஹெச் (மீதி இருக்குற முட்டையோட அளவைக் காட்டுற ஹார்மோன்) ரத்த டெஸ்ட்டையும் ஏத்துக்குது, டீனேஜ் பொண்ணுங்களுக்கு ரெண்டுமே வேண்டாம்னு சொல்லுது.

அதனால பீரியட்ஸ் மாசா மாசம் ஒழுங்கா வருது, முடி வளர்ச்சி கிடையாது, ஆண் ஹார்மோனும் நார்மல், ஸ்கேன்ல மட்டும் அப்படித் தெரியுதுன்னா அது பிசிஓஎஸ் இல்ல. சின்ன வயசுல நிறைய பேருக்கு ஓவரி அப்படித்தான் தெரியும். அந்த ஒரு வரியை வெச்சு வருஷக்கணக்கா மாத்திரை முழுங்குறவங்க நம்ம ஊர்ல எத்தனையோ பேரு, அது ரொம்பவே வருத்தமான விஷயம்.

இதே மாதிரி அறிகுறி காட்டுற வேற பிரச்சனைகளையும் ஒதுக்கணும். தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், பால் சுரக்க வைக்கிற ஹார்மோன் ஜாஸ்தியான்னு பாக்க ப்ரோலாக்டின், அட்ரினல் சுரப்பிக் கோளாறுக்கு 17 ஹைட்ராக்ஸி ப்ரொஜெஸ்டரான். கருத்தடை மாத்திரை சாப்பிட்டுக்கிட்டே ஆண் ஹார்மோன் டெஸ்ட் எடுத்தா ரிசல்ட் நம்ப முடியாது, நிறுத்தி மூணு மாசமாவது போகணும்.

எப்போ டெஸ்ட்டுக்குப் போகணும்

பொதுவா ஒரு வருஷம் முயற்சி பண்ணிப் பாக்கச் சொல்வாங்க, 35 வயசுக்கு மேலன்னா ஆறு மாசம். ஆனா பீரியட்ஸே ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருதடவைதான் வருதுன்னா அந்த ஒரு வருஷக் கணக்கு உங்களுக்கு இல்ல. முட்டை வெளிய வர்றதே அபூர்வம்னு தெரிஞ்சப்புறம் காத்திருந்து என்ன ஆகப் போகுது, குழந்தை வேணும்னு முடிவு பண்ணினதும் போய்ப் பாக்கலாம்.

நாலு கேள்வி, அதுக்கேத்த டெஸ்ட்

1. முட்டை வெளிய வருதா?

இதுதான் முக்கியமான கேள்வி, குழப்பமும் இங்கதான் ஜாஸ்தி. "மாத்திரை போட்டா பீரியட்ஸ் வந்துடுது, அப்போ எல்லாம் சரியாத்தானே இருக்கு"ன்னு நினைக்கிறாங்க. அஞ்சு நாளோ பத்து நாளோ ப்ரொஜெஸ்டரான் மாத்திரை போட்டு நிறுத்தினதும் வர்ற ரத்தப்போக்கு, மாத்திரையை நிறுத்தினதால வர்றது, முட்டை வந்ததுக்கு அது சாட்சி இல்ல. அந்த மாத்திரைக்கு வேற வேலை இருக்கு. மூணு மாசத்துக்கு மேல பீரியட்ஸ் வராமலே இருந்தா கர்ப்பப்பை உள்சுவர் தடிச்சுக்கிட்டே போகும், அது நாளடைவுல ஆபத்து, அதுக்காகத்தான் குடுக்குறாங்க. போடுறதுக்கு முன்னாடி கர்ப்பம் இல்லன்னு ஒரு யூரின் டெஸ்ட்ல பாத்துக்கணும்.

மெடிக்கல் ஷாப்ல விக்கிற ஓவுலேஷன் கிட் பிசிஓஎஸ் இருக்குறவங்களை நல்லா ஏமாத்தும். அது எல்ஹெச் ஏறுதான்னு பாக்குற ஸ்ட்ரிப், உங்களுக்கு எல்ஹெச் எப்பவுமே தூக்கலா இருந்தா நாலு நாள் தொடர்ந்து பாசிட்டிவ் காட்டும், முட்டை மட்டும் வந்திருக்காது.

ரத்தத்துல ப்ரொஜெஸ்டரான் பாக்குறது நம்பகமான டெஸ்ட், ஆனா நாள் சரியா இருக்கணும். "டே 21ல எடுங்க"ன்னு எல்லாருக்கும் ஒரே மாதிரி எழுதிக் குடுத்துடுறாங்க, அது 28 நாள் சுழற்சிக்கான கணக்கு. அடுத்த பீரியட்ஸுக்கு ஏறக்குறைய ஏழு நாள் முன்னாடி எடுக்கணும், அப்படின்னா 40 நாளுக்கு ஒருதடவை வர்றவங்களுக்கு அது டே 33. இவங்க டே 21ல எடுத்தா முட்டை வர்றதுக்கு முன்னாடியே எடுத்துட்டு "ஓவுலேஷன் இல்ல"ன்னு ரிசல்ட் வாங்கிட்டு வருவாங்க. 3 நானோகிராமுக்கு மேல இருந்தா முட்டை வந்திருக்குன்னு எடுத்துக்கலாம்.

அப்புறம் ஃபாலிக்குலர் ஸ்டடி. டே 2 ஸ்கேன்ல ஆரம்பிச்சு, டே 9, 10ல இருந்து ரெண்டு மூணு நாளுக்கு ஒருதடவை பாப்பாங்க. அந்தப் பேப்பர்ல தேதி, ரைட் ஓவரி, லெஃப்ட் ஓவரி, எண்டோமெட்ரியம் (கர்ப்பப்பை உள்சுவர்)னு கட்டம் போட்டிருக்கும். "எம்எஸ்எஃப்"னு எழுதியிருந்தா குட்டி ஃபாலிக்கிள் நிறைய இருக்கு, எதுவும் முன்னேறலன்னு அர்த்தம். ஒரு பக்கம் 11, அப்புறம் 14, அப்புறம் 18ன்னு நம்பர் ஏறினா ஒண்ணு வளருது. அடுத்த ஸ்கேன்ல அது சுருங்கி, கர்ப்பப்பைக்குப் பின்னாடி கொஞ்சம் நீர் தெரிஞ்சா வெடிச்சிருக்குன்னு எழுதுவாங்க.

2. ட்யூப் (கருக்குழாய்) திறந்திருக்கா?

ஹெச்எஸ்ஜின்னு சொல்ற எக்ஸ்ரே டெஸ்ட், ரத்தப்போக்கு நின்னதுக்கப்புறம், முட்டை வர்றதுக்கு முன்னாடி எடுப்பாங்க. பீரியட்ஸ் வலி மாதிரி வலிக்கும், முன்னாடியே வலி மாத்திரை கேட்டு வாங்கிக்கலாம். எல்லாருக்கும் முதல் நாளே இது தேவைப்படாது. டிபி வந்திருந்தாலோ, அடிவயித்துல இன்ஃபெக்‌ஷன், ஆபரேஷன் நடந்திருந்தாலோ மாத்திரை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பாத்துடணும், நம்ம நாட்டுல டிபி ட்யூப்பை அடைக்கிறது அபூர்வம் இல்ல.

3. விந்தணு எப்படி இருக்கு?

பொண்ணுக்கு பிசிஓஎஸ்னு தெரிஞ்சதும் மொத்தப் பழியும் அவ தலையில விழுந்துடுது, புருஷனுக்கு டெஸ்ட் எடுக்கறதே இல்ல. ரெண்டு வருஷம் அவ மாத்திரை போட்டு, ஊசி போட்டு, கடைசியில பாத்தா கவுன்ட் கம்மின்னு தெரிய வருது. இது அநியாயம். மாத்திரை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே செமன் அனாலிசிஸ் எடுத்துடணும், விலையும் கம்மி, வலியும் கிடையாது. 2ல இருந்து 7 நாள் இடைவெளி விட்டு சாம்பிள் குடுக்கணும். உலக சுகாதார நிறுவனத்தோட 2021 கையேட்டுப்படி ஒரு எம்எல்லுக்கு 16 மில்லியன், அசைவு 42%, சரியான வடிவம் 4%, இதுதான் கீழ் எல்லை. 4%ன்னு பாத்ததும் பயப்பட வேண்டாம், நார்மல் ஆளுங்களுக்கே அது அவ்வளவு கம்மிதான். ஒருதடவை கம்மியா வந்தா கொஞ்ச நாள் விட்டுத் திரும்ப எடுக்கணும்.

4. உடம்பு கர்ப்பத்துக்குத் தயாரா?

சுகர், பிபி, தைராய்டு, ஹீமோகுளோபின், ரூபெல்லா (ஜெர்மன் அம்மை). சுகருக்கு வெறும் வயித்து டெஸ்ட் மட்டும் போதாது, 75 கிராம் குளுக்கோஸ் குடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு எடுக்குறதுதான் பிசிஓஎஸ்ல சரியாக் காட்டும். ஃபோலிக் ஆசிட் மாத்திரை முயற்சி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே தொடங்கணும்.

ஏஎம்ஹெச் பத்தி தனியா ஒரு வார்த்தை. இது மீதி இருக்குற முட்டையோட அளவைக் காட்டுற ஹார்மோன். பிசிஓஎஸ்ல 8, 10ன்னு கூட வரும். "முட்டை நிறைய இருக்கு, சூப்பர்"னு சந்தோஷப்படவும் வேண்டாம், "இவ்வளவு ஜாஸ்தியா"ன்னு அழவும் வேண்டாம். முட்டை வெளிய வருதா, தரமா இருக்கான்னு இது சொல்லாது. ஊசி டோஸ் முடிவு பண்றப்போ டாக்டருக்கு இது உதவும், ஜாஸ்தி இருந்தா டோஸைக் குறைப்பாங்க. மாசா மாசம் திரும்ப எடுக்குறதுல ஒரு பிரயோஜனமும் இல்ல. பொதுவாவே ஒரு டெஸ்ட் எழுதிக் குடுத்தா, "இந்த ரிசல்ட்டைப் பாத்து ட்ரீட்மென்ட்ல என்ன மாத்துவீங்க"ன்னு கேக்க உங்களுக்கு முழு உரிமை இருக்கு.

ட்ரீட்மென்ட் படிப்படியா

முதல்ல எடை, ஆனா எல்லாருக்கும் இல்ல

எடை ஜாஸ்தி இருக்குறவங்க 5% குறைச்சாலே சிலருக்கு பீரியட்ஸ் தானா வர ஆரம்பிக்கும், 70 கிலோ இருக்குறவங்களுக்கு அது மூணரை கிலோ. நம்ம உடல்வாகுக்கு பிஎம்ஐ 23லயே கூடுதல் எடைக் கணக்கு ஆரம்பிக்குது. ஆனா ஒல்லியா இருக்குறவங்களுக்கும் பிசிஓஎஸ் உண்டு, அவங்ககிட்ட போய் எடையைக் குறைன்னு சொல்றதுல அர்த்தமே இல்ல. அதே மாதிரி 36 வயசுக்காரங்களை "பத்து கிலோ குறைச்சுட்டு வாங்க"ன்னு திருப்பி அனுப்புறதும் தப்பு, அந்த ஒரு வருஷத்துல வயசு எடுத்துக்குறதை எடை திருப்பிக் குடுக்காது. எடை குறைக்கன்னு இப்போ எல்லாரும் பேசுற செமாக்ளூடைட் ஊசி போடுறவங்க கவனிங்க, கர்ப்பத்துக்கு முயற்சி பண்றதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே அதை நிறுத்தணும், போடுற வரைக்கும் கருத்தடை வேணும்.

மாத்திரை: லெட்ரசோல்

முதல் மருந்து இதுதான். பீரியட்ஸ் வந்த ரெண்டாவது, மூணாவது நாள்ல இருந்து அஞ்சு நாள், 2.5 மி.கி.ல ஆரம்பிச்சு, முட்டை வளரலன்னா அடுத்த தடவை 5, அப்புறம் 7.5. ஈஸ்ட்ரஜன்ங்கற பெண் ஹார்மோன் உருவாகறதைக் கொஞ்ச நாளைக்குத் தடுக்கும், உடனே மூளை ஈஸ்ட்ரஜன் குறைஞ்சு போச்சேன்னு எஃப்எஸ்ஹெச்சை (ஃபாலிக்கிளை வளர வைக்கிற ஹார்மோன்) கூடுதலா அனுப்பும், நின்னு போன ஃபாலிக்கிள் வளர ஆரம்பிக்கும்.

மாத்திரை அட்டையைப் பாத்து நெட்ல தேடுறவங்க எல்லாரும் பயப்படுற ஒரு விஷயம், இது மார்பகப் புற்றுநோய்க்கான மருந்துன்னு வரும். உண்மைதான், அதுக்காகத்தான் முதல்ல வந்துச்சு. குழந்தைக்குக் குறை வருமோங்கற பயத்துக்கு ஒரு வரலாறும் இருக்கு. 2005ல கனடா டாக்டர்கள் ஒரு மாநாட்டுல, லெட்ரசோல் எடுத்தவங்களோட 150 குழந்தைகளை வெச்சு சில குறைகள் ஜாஸ்தியா இருக்கலாம்னு சொன்னாங்க. அடுத்த வருஷமே கனடாவுல 911 குழந்தைகளைப் பாத்த ஆய்வு வந்துச்சு, லெட்ரசோல் எடுத்தவங்க குழந்தைகள்ல குறைபாடு 2.4%, பழைய மருந்தான க்ளோமிஃபீன் எடுத்தவங்க குழந்தைகள்ல 4.8%. ஆனாலும் 2011ல இந்திய அரசு குழந்தையின்மைக்கு லெட்ரசோல் குடுக்கக் கூடாதுன்னு தடை போட்டுச்சு, பிற்பாடு அந்தத் தடை நீக்கப்பட்டுடுச்சு. நெட்ல அந்தப் பழைய தடைச் செய்தி மட்டும் இன்னும் சுத்துது. மருந்து உடம்புல தங்குறதும் கொஞ்ச நாள்தான், கரு வந்து ஒட்டுறதுக்குள்ள பெரும்பாலும் வெளிய போயிருக்கும்.

ரெண்டு மாத்திரையையும் நேருக்கு நேர் வெச்சுப் பாத்த பெரிய அமெரிக்க ஆய்வு 2014ல வந்துச்சு, 750 பெண்கள், எல்லாருக்கும் பிசிஓஎஸ். அஞ்சு சுழற்சி வரைக்கும் குடுத்துப் பாத்ததுல, லெட்ரசோல் எடுத்தவங்கள்ல 27.5% பேருக்குக் குழந்தை பிறந்துச்சு, க்ளோமிஃபீன்ல 19.1%. க்ளோமிஃபீன் கர்ப்பப்பை உள்சுவரை மெலிசாக்கக் கூடும், லெட்ரசோல்ல அந்தத் தொல்லை கம்மி. நூத்துல 27தானான்னு தோணலாம், ஆனா இது அஞ்சே சுழற்சிக்குள்ள, வெறும் மாத்திரையால வந்தது. முதல் மாசம் நிக்கலன்னு அடுத்த மாசமே டாக்டரை மாத்துறவங்க இதை மனசுல வெச்சுக்கணும், முட்டை ஒழுங்கா வருதுன்னா அதே டோஸ்ல அஞ்சாறு மாசம் குடுத்துப் பாக்குறதுதான் முறை.

மெட்ஃபார்மின் சுகர் மாத்திரை. இன்சுலினைக் குறைச்சு உதவும், ஆனா குழந்தைக்காகத் தனியா அதை மட்டும் நம்பக் கூடாது. 2007ல 626 பெண்களை வெச்சு நடந்த ஆய்வுல மெட்ஃபார்மின் மட்டும் எடுத்தவங்கள்ல 7.2% பேருக்குத்தான் குழந்தை பிறந்துச்சு, க்ளோமிஃபீன்ல 22.5%. ஆரம்பத்துல வயித்தைக் கலக்கும், சாப்பாட்டோட கம்மி டோஸ்ல ஆரம்பிச்சா தாங்கிக்கலாம். தண்ணில கலந்து குடிக்கிற இனோசிட்டால் சத்துப் பவுடர் சாஷே பத்தி 2023 வழிகாட்டுதல் சொல்றது, குழந்தைப்பேறுக்கு ஆதாரம் கம்மின்னுதான். கழற்சிக்காய் லெட்ரசோல் அளவுக்கு சோதிக்கப்பட்ட பொருள் இல்ல, சாப்பிடுறவங்க டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லணும்.

ரெண்டாவது படி: ஊசி அல்லது ட்ரில்லிங்

மாத்திரைக்கு முட்டை வளரலன்னா எஃப்எஸ்ஹெச் ஊசி. பிசிஓஎஸ் ஓவரி ஊசிக்கு ரொம்ப வேகமா எகிறும், அதனால கம்மி டோஸ்ல மெதுவா ஏத்தணும், ஸ்கேன் இல்லாம போடவே கூடாது. மூணு நாலு ஃபாலிக்கிள் ஒண்ணா பெருசாயிட்டா டாக்டர் அந்த மாசத்தை நிறுத்திடுவாங்க, போச்சேன்னு மனசு கஷ்டப்படும்தான், ஆனா ஒரே நேரத்துல மூணு குழந்தை தரிச்சா அம்மாவுக்கும் ஆபத்து, குழந்தைகளுக்கும் ஆபத்து.

ட்ரில்லிங்னா லேப்ராஸ்கோப்பி (சின்ன துளை போட்டு கேமரா விட்டுப் பண்ற ஆபரேஷன்) மூலமா ஓவரில சில இடத்துல சூடு வெக்கிறது. ஒரே நேரத்துல பல கரு தரிக்கிற ஆபத்து இதுல ஏறாது, வேற காரணத்துக்கு எப்படியும் லேப்ராஸ்கோப்பி பண்றாங்கன்னா யோசிக்கலாம். ஆனா ஒட்டல் வரலாம், முட்டை இருப்பும் குறையலாம். "நீர்க்கட்டியை எடுத்துடலாம்"னு சொல்லி முதல் விசிட்லயே இதைப் பண்ணச் சொன்னா இன்னொரு டாக்டர்கிட்டயும் கேட்டுக்கங்க.

ஐயுஐ (விந்தணுவை நேரா கர்ப்பப்பைக்குள்ள செலுத்துறது) பத்தி: பிரச்சனை ஓவுலேஷன் மட்டும்தான், செமன் ரிப்போர்ட் நார்மல்னா, மாத்திரை போட்டு சரியான நாள்ல சேர்றதை விட ஐயுஐயால பெருசா கூடுதல் பலன் கிடைக்காது. செமன்ல லேசான குறை இருந்தா அது வேற விஷயம்.

மூணாவது படி: ஐவிஎஃப்

மாத்திரை, ஊசி ரெண்டும் பலிக்கல, இல்ல ட்யூப் அடைச்சிருக்கு, விந்தணு ரொம்பக் கம்மின்னா ஐவிஎஃப். ட்யூப் அடைப்பும் விந்தணுக் குறையும் இருக்குறவங்க நேராவே இங்க வர வேண்டியிருக்கும், அவங்களை ஒரு வருஷம் மாத்திரையில வெச்சிருக்கறதும் தப்புதான்.

பிசிஓஎஸ்ல ஐவிஎஃப்னா ஓஹெச்எஸ்எஸ் பத்திக் கேட்டே ஆகணும். ஊசிக்கு ஓவரி அளவுக்கு மீறி வீங்கி, வயித்துல நீர் கோத்துக்குறது. வயிறு உப்பி வேகமா எடை ஏறுறது, யூரின் குறையுறது, மூச்சு வாங்குறது இதெல்லாம் வந்தா ராத்திரின்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிடணும். இதைத் தடுக்க இப்போ நல்ல வழி இருக்கு: ஆன்டகனிஸ்ட் முறையில (முட்டை முன்கூட்டியே வெளிய வராம தடுக்குற மருந்தோட) ஊசி போட்டு, முட்டையைப் பழுக்க வைக்கிற கடைசி ட்ரிகர் ஊசியா ஹெச்சிஜி ஹார்மோனுக்குப் பதிலா அகோனிஸ்ட்ங்கற மருந்தைக் குடுத்து, கருவை அப்பவே வைக்காம உறைய வெச்சு அடுத்த மாசம் வைக்கிறது. 2016ல வந்த சீன ஆய்வுல பிசிஓஎஸ் இருந்த 1508 பெண்கள் கலந்துக்கிட்டாங்க, உறைய வெச்சு வெச்சவங்கள்ல 49.3% பேருக்குக் குழந்தை, உடனே வெச்சவங்கள்ல 42%, ஓஹெச்எஸ்எஸ் 7.1%ல இருந்து 1.3%க்கு இறங்கிடுச்சு. சென்டர்ல "ஃப்ரீஸ் பண்ணலாம்"னு சொன்னா பில் ஏத்தத்தான்னு நினைச்சுடாதீங்க, பிசிஓஎஸ்ல அதுக்கு வலுவான காரணம் இருக்கு.

2021ல வந்த செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி இந்தியாவுல எந்த சென்டரும் பதிவு வாங்கியிருக்கணும், பெண்ணுக்கு 21ல இருந்து 50, ஆணுக்கு 21ல இருந்து 55 வயசு வரைக்கும்தான் அனுமதி. பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்டுட்டுப் பணம் கட்டுங்க.

கர்ப்பம் ஆனதுக்கு அப்புறம்

பிசிஓஎஸ் இருந்தவங்களுக்கு கர்ப்பகால சுகர், பிபி ரெண்டுக்கும் வாய்ப்பு ஜாஸ்தி. அதனால முதல் செக்கப்லயே சுகர் பாக்கணும், 24ல இருந்து 28 வாரத்துல மறுபடியும். நம்ம ஊர்ல சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லன்னு 75 கிராம் குளுக்கோஸ் குடுத்து ரெண்டு மணி நேரத்துல ரத்தம் எடுக்குறாங்களே, அதுல 140ஐ எட்டினாலே கர்ப்பகால சுகர்னு கணக்கு. பிரசவம் ஆகி 6ல இருந்து 12 வாரத்துல இன்னொருதடவை பாத்துடணும், இதைத்தான் பாதிப் பேரு மறந்துடுறாங்க.

முதல் குழந்தைக்கு ட்ரீட்மென்ட் எடுத்தவங்க, ரெண்டாவதுக்கும் ட்ரீட்மென்ட் எடுத்தாத்தானே நிக்கும்னு நினைச்சு கருத்தடையே இல்லாம இருந்துடுறாங்க. பிசிஓஎஸ்ல முட்டை எப்போ வரும்னு சொல்ல முடியாதே தவிர வரவே வராதுன்னு இல்ல, பிரசவத்துக்கு அப்புறம் முதல் பீரியட்ஸ் வர்றதுக்கு முன்னாடியே கூட வந்துடலாம். இடைவெளி வேணும்னா டிஸ்சார்ஜ் ஆகுறப்பவே கருத்தடை பத்தி டாக்டர்கிட்ட பேசிடணும்.